சுவரில் மாட்டிய நுகத்தடி

போன புதன்கிழமை பாவாயியைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். சுவரைப் பார்த்தார்கள். உடனே உள்ளே வரவில்லை.

ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போதும் முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்குப் புரிந்தால் ஒரு கார்டு போடுங்கள்.

பாவாயி என் ஒரே மகள். வாரா வாரம் இதைப் படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியும். அதிகம் பேச மாட்டாள். அந்த ஒன்றில் என்னைக் கொண்டு பிறந்தவள்.

மாப்பிள்ளைக்குச் சூரமங்கலத்தில் ரயில்வே வேலை. பாயிண்ட்ஸ்மேன். வருகிற வண்டிக்குத் தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் அயோத்தியாப்பட்டணம் பக்கம் பண்ணையம் செய்கிறார்கள். நல்ல இடம்.

நல்ல இடம் என்று தெரிந்த அன்றைக்கே என் சம்சாரம் நல்லம்மாவுக்கு எங்கள் வீடு பிடிக்காமல் போய்விட்டது.

"ஏனுங்க, மாப்பிள்ளை ரயில்வேக்காரரு. பங்களா, குவார்ட்டர்ஸ்னு பாத்த கண்ணு. நம்மூடு இருக்கற இருப்பைப் பாத்தா என்னன்னு நெனைப்பாரு?"

"ஊடுன்னு நெனைப்பாரு" என்றேன்.

"இப்படியே பேசிட்டு இருங்க. புள்ள இங்கயே உக்காந்திருக்கட்டும்."

அவள் தம்பி பழனியப்பன் சூரமங்கலத்தில் ஒரு ரயில்வே துரை பங்களாவில் தோட்டக்காரன். அங்கே போய், வீட்டையும் தோட்டத்தையும் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னாள். அதே மாதிரி நாமும் செய்துவிடலாம் என்றாள். கையில் ஒரு வாரம் இருந்தது.

எங்கள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்தே போனேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒரு பங்களா. வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டி, பெயிண்ட் அடித்த இரும்பு நாற்காலி, சீமைப் பூ...

போய்ப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது.

மதிலில் ஒரு வண்டிச் சக்கரம் சாய்த்து வைத்திருந்தது. ஆரக்கால் இரண்டு உடைந்த சக்கரம். அதன்மேல் கொடி ஏற்றிவிட்டிருந்தார்கள். வாசலில் ஒரு கல் உரல். உரல் நிறையத் தண்ணீர், அதில் அல்லிப்பூ. வாய் உடைந்த பானை ஒன்று தரையில் படுத்துக் கிடந்தது, அதற்குள்ளிருந்து பூச்செடி எட்டிப் பார்த்தது. கதவுக்கு மேலே சுவரில் ஒரு நுகத்தடி. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. கதவு நிலையில் மாட்டுக் கழுத்து மணி. வருகிறவர்கள் அதை ஆட்டிக் கூப்பிட வேண்டுமாம்.

"இது துரை ஊடா, நம்மூரு கட்டுத்தரையாடா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசுங்க மாமா" என்றான் பழனியப்பன். "துரைசாணியம்மா ஊரூராப் போயி இதையெல்லாம் வாங்கியாறாங்க. அந்த நுகத்தடி ராசிபுரத்துப் பக்கம் வாங்குனது."

"மாடு?"

"மாடெல்லாம் வாங்கலீங்க. நுகத்தடி மட்டுந்தான்."

தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். கல் அடுக்கிப் பாத்தி கட்டியிருந்தார்கள். பாத்திக்குள் பார்த்தால் ஆவாரஞ்செடி. எங்கள் காட்டு வரப்பில் ஆடு கூடக் கடிக்காமல் நிற்குமே, அதே ஆவாரை.

"களைன்னு நெனைச்சு வேலியோரத்துல இருந்ததைப் புடுங்கிப் போட்டேன் மாமா. அம்மா அழுதுட்டாங்க."

"எதுக்கு?"

"யாருக்குத் தெரியும்? அப்பறம் நானே கரட்டுக்குப் போயி நாலு செடி கொண்டாந்து நட்டேன். தெனமும் பூவாளியில தண்ணி ஊத்தறேன்."

"ஆவாரைக்குத் தண்ணியா?"

"ஊத்தச் சொல்றாங்க. ஊத்தறேன்."

அந்தச் சமயம் துரைசாணியம்மா வெளியே வந்தார். பழனியப்பன் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அவர் சிரித்து ஏதோ கேட்டார்.

"உங்க ஊட்டுல பழைய ஏர் இருக்குதான்னு கேக்கறாங்க மாமா."

"இருக்கற ஏர் ஓட்டற ஏருன்னு சொல்லு."

அவன் என்ன சொன்னானோ தெரியாது. அந்த அம்மா மறுபடியும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி நடந்து வரும்போது எனக்குத் தலை சுற்றியது. அந்த வாசலில் இருந்தது எல்லாம் என் வீட்டிலேயே இருக்கிறது. உரல், மணி, நுகத்தடி... இத்தனை வருஷமாக அது அழகு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் அங்கே பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது — பொய் சொல்லவில்லை.

ஒரு சாமான் வேலை செய்கிற வரைக்கும் அதை யாரும் நின்று பார்ப்பதில்லை போலிருக்கிறது. வேலையை நிறுத்திச் சுவரில் ஏற்றினால் எல்லோரும் பார்க்கிறார்கள். மனுஷனுக்கும் அப்படித்தானோ என்னவோ.

நல்லம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"என்ற தம்பி உங்களை வேற எங்கயோ கூட்டிட்டுப் போயிட்டான்."

"பங்களாதான். துரைசாணியைக் கண்ணால பாத்தேன்."

"ஒடைஞ்ச சக்கரம் வெச்சிருக்கறவங்க துரைசாணியா?"

கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது. வெளியே என் இஷ்டம். நான் பார்த்து வந்தபடி. மற்றதெல்லாம் அவள் இஷ்டம். அவள் நினைத்து வைத்திருந்த பங்களாவின்படி.

அவள் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் காகிதப் பூ வாங்கி வந்தாள். மண்ணெண்ணெய் டின் நாலுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்துக் குரோட்டன்ஸ் வைத்தாள். நான் அட்டாலிப் பரணிலிருந்து பழைய நுகத்தடியை இறக்கினேன். விளக்கெண்ணெய் போட்டுத் துடைத்துக் கதவுக்கு மேலே மாட்டினேன். மாட்டின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்து நிலையில் கட்டினேன். உரலை நானும் பக்கத்துக் காட்டுக்காரரும் உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்தோம். ஏரியில் இறங்கி அல்லி பறித்தேன். ஆவாரை மூன்று செடி பிடுங்கி வந்து நட்டேன். மறுநாளே வாடிவிட்டது. பூவாளி இல்லாததுதான் காரணமோ என்று நினைத்துக்கொண்டேன்.

பானையை மட்டும் நல்லம்மா விடவில்லை.

"நல்ல காரியம் பேச வாறாங்க. வாசல்ல ஒடைஞ்ச பானையா? சாவு ஊடுன்னு நெனைச்சுத் திரும்பிப் போயிருவாங்க. புத்தி கித்தி இருக்குதா உங்களுக்கு?"

அவள் சொன்னது சரி. பானையைத் தூக்கிப் போட்டேன்.

பானைக்கு அர்த்தம் தெரிந்த எங்கள் இரண்டு பேருக்கும் நுகத்தடிக்கு அர்த்தம் எப்படி மறந்து போனது? அதுதான் இன்றைக்கு வரை தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் இன்னொன்று சொன்னாள்.

"மாட்டைக் காட்டுக்கு ஓட்டிட்டுப் போயிக் கட்டிட்டு வாங்க. ஒறம்பரை வார நேரத்துல சாணி நாத்தம் அடிக்கக் கூடாது. பங்களாவுல மாடு நின்னுதா?"

"இல்லை."

"அப்பறம் என்ன?"

இரண்டு காளையையும் ஓட்டிப் போய்ப் புளியமரத்தடியில் கட்டிவிட்டு வந்தேன். கட்டுத்தரையைக் கூட்டிக் கோலம் போட்டாள். மாடு நிற்கிற இடத்தில் கோலம்.

பத்து மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, இன்னும் இரண்டு பேர். முதலில் சொன்னேனே — வாசலில் நின்றார்கள் என்று.

மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து நுகத்தடியைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். வெறுங் கட்டுத்தரையைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"மச்சான், மாடு எப்பத் தவறுச்சு?"

"எந்த மாடு?"

"அட... ரெண்டுமேவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் உழவு மாடு செத்துப்போனால் நுகத்தடியைச் சும்மா போட மாட்டார்கள். மேலே ஏற்றிக் கட்டிவிடுவார்கள். கழுத்து மணியை அவிழ்த்து நிலையில் தொங்கவிடுவார்கள். மறு மாடு பிடிக்கிற வரைக்கும் அது அங்கேயே கிடக்கும். பார்க்கிறவர்கள் ஒன்றும் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள் — இந்த வீட்டில் உழவு நின்று போயிற்று.

எனக்கு இது தெரியாதா? தெரியும். என் அப்பா செய்ததை நானே பார்த்திருக்கிறேன். பங்களாச் சுவரில் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

"மாடு காட்டுல நிக்குது" என்றேன்.

கெட்டுப்போன வீட்டுக்காரன் எவனும் இதைத்தான் சொல்வான். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"அப்பறம் மணி எதுக்கு மச்சான் நெலையில?"

"அழகுக்கு."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கூட வந்தவர்களிடம் திரும்பி, "அழகுக்காமா" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா உரலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தண்ணீரில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "குத்தறதுக்கு ஒண்ணுமில்லாட்டி ஒரலுந்தான் என்ன பண்ணும்" என்று தன் பாட்டுக்குச் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

மரியாதைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நல்லம்மா விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தாள். எங்களில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பிடித்தால் கை நனைப்பார்கள். அதாவது, உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்று வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. தண்ணீர் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பாவாயிதான் செம்பைக் கொண்டுவந்தாள். வைத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்து என்ன செய்ய? பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலை துப்பப் புழக்கடைக்குப் போனார். அவர் வந்ததும் கிளம்புவார்கள். காத்திருந்தோம். அவர் வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, எருக்குழிக்கு எதுக்குத் தட்டி கட்டியிருக்குது?"

நல்லம்மா தென்னங்கீற்றில் இரண்டு தட்டி கட்டி எருக்குழியை மறைத்திருந்தாள். தட்டியில் காகிதப் பூ வேறு. இதற்கு என்ன சொல்வது? இதுவும் அழகுக்கு என்றா?

அந்த அம்மா தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, குழி நெறைஞ்சு கெடக்குது. இன்னிக்கு அள்ளிப் போட்ட சாணி, இன்னும் ஈரம் காயலை. ரெண்டு மாட்டுச் சாணி. இது பண்ணையம் நடக்கற ஊடுதானுங்க."

"நல்லாப் பாத்தியா?"

"குச்சி எடுத்துக் கிண்டியே பாத்தேன்."

பிறகு நல்லம்மாவிடம் சொன்னார்: "இலையைப் போடுங்க அண்ணி. பசிக்குது."

ஐந்து பேரும் கை நனைத்தார்கள். பெரியவர் இரண்டாம் தரம் சோறு வாங்கும்போது சொன்னார்:

"பொண்ணுப் பாக்க வந்துட்டு, மாட்டுக்குத் துக்கம் கேட்டேன் பாருங்க மச்சான். இனி எங்க போனாலும் இதையே சொல்லிச் சிரிப்பாங்க."

கிளம்பும்போது மாப்பிள்ளை உரலுக்குப் பக்கத்தில் நின்றார். அதுவரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாமா, இந்த அல்லி நல்லா இருக்குதுங்க. குவார்ட்டர்ஸ்லயும் இப்படி ஒண்ணு வெக்கலாம்னு..."

"வெப்பே" என்றார் அவர் அம்மா. "என்ற மருமக நெல்லுக் குத்த எங்க போவா? தண்டவாளத்துக்கா?"

ஆக, அம்மா, மகன் இரண்டு பேரில் யாருக்கு அழகு தெரியும்? வந்தவர்களில் ஒருவருக்கு எருக்குழி பிடித்தது. ஒருவருக்கு அல்லி பிடித்தது. நான் யார் பேச்சைக் கேட்டு வீட்டை வைத்துக்கொள்வது? சொல்லுங்கள்.

சாயங்காலம் நுகத்தடியை இறக்கினேன். பாவாயி ஒரு செம்பால் உரல் தண்ணீரை மொண்டு மொண்டு குரோட்டன்ஸுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தோன்றியது — ஒரு வாரமாக வீடு எப்படி இருக்க வேண்டும் என்று துரைசாணி வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. இவளை யாரும் கேட்கவில்லை.

"உனக்கு ஊடு எப்படி இருந்தாப் புடிக்கும் சாமி?" என்றேன்.

செம்பைக் கீழே வைத்தாள்.

"அடுப்படிக்கு ஒரு சன்னல் இருந்தா நல்லாருக்குமுங்கப்பா."

"நீதான் தையில கல்யாணமாகிப் போயிருவியே."

"எனக்கில்லீங்க. அம்மாவுக்கு."

எங்கள் அடுப்படிக்கு ஒரு வாசல்தான். புகை அந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும். நல்லம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்குள்தான் சமைக்கிறாள். ஒரு வாரம் சுவரையும் வாசலையும் சுற்றிச் சுற்றி வந்த நான், அடுப்படிக்குள் ஒரு தரம் கூடத் தலையை நீட்டவில்லை.

மறுநாள் கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"மண் செவுருங்க. ஒரு நாள் வேலை. இத்தனை வருசமா ஏனுங்க வெக்கலை?"

இந்த வாரம் எனக்குக் குழப்பம் இல்லாமல் புரிந்த கேள்வி இது ஒன்றுதான். பதில்தான் இல்லை.