சூட்டுக் காற்றின் எடை

நாற்றம் என்றாலே பொன்னுலிங்கத்துக்குக் குடலைப் புரட்டும். இன்னொருவர் வாய் வைத்த தம்ளரில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அந்த மனிதருக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்: கோட்டாற்றில் வள்ளிநாயகத்தின் நெல் மில்லில் இஞ்சின் டிரைவர். அவித்த நெல்லின் நெடியிலேயே பாதி ஆயுசு போயிற்று.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் அடைமழை. களத்தில் நெல் காயப்போட வழியில்லை. முதலாளி, சூட்டுக் காற்றில் நெல் உலர்த்தும் பெட்டி ஒன்று போட்டார். தன் பிள்ளைகளின் வருஷச் சோற்றுக்கான நெல்லைப் பகவதியம்மாள் என்ற ஒருத்தி அதை நம்பித்தான் அவிக்கக் கொடுத்தாள். பெட்டியைத் திறந்தால், சீ! கொழகொழவென்று புளித்துக் கிடந்தது. பொன்னுலிங்கம் வெளியே ஓடி ஓங்கரித்தார்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். நிமிஷத்துக்கு நூறு ராத்தல், அதாவது நூறு பவுண்டு எடைக் காற்று வேண்டும் என்று பெட்டி செய்தவன் சொல்லியிருந்தான். காற்றாடியையோ கன அடிக் கணக்கில் விற்கிறார்கள். சாதாரணக் காற்று ஒரு ராத்தல் ஏறத்தாழப் பதினாலு கன அடி இடம் பிடிக்கும். அதனால் முதலாளி வாங்கியது ஆயிரத்து நானூறு கன அடிக் காற்றாடி. ஆனால் அதைப் பூட்டியது அடுப்புக்கு அப்பால், பெட்டிப் பக்கம். அங்கே வருவது சூடேறி உப்பிய காற்று, ராத்தலுக்குப் பதினேழு கன அடி. காற்றாடி தள்ளுவது அதே ஆயிரத்து நானூறுதான். எடை போட்டால் எண்பத்திரண்டு ராத்தல் தேறும். ஈரம் எப்படிப் போகும்?

இதைச் சொன்னதும் வள்ளிநாயகம் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார். மரக்காலில் வாங்கி எடையில் விற்றே சொத்துச் சேர்த்த மகராசன்.

"பதர் மாதிரிதானலே? மரக்கால் நெறையும், எடை நிக்காது. சூட்டுக் காத்துக்கு இது பத்தாதுன்னு காத்தாடிக் கடைக்காரன் அப்பமே சொன்னான். பெரிய காத்தாடிக்கு வெலை கூடுதல்."

தெரிந்தேதான் செய்திருக்கிறார். பொன்னுலிங்கத்துக்கு அந்தச் சிரிப்பு நெல்லைவிட நாறியது.

புளித்த நெல்லை அப்படியே அரைத்துப் பகவதியம்மாளிடம் கொடுத்துவிடச் சொன்னார் முதலாளி. வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானாம்.

"அப்பம் சரி. இத உங்க வீட்டுக்கு அனுப்புதேன். உங்க பத்தாயத்து நெல்ல அவளுக்கு அளக்குதேன்."

சொன்னதோடு பொன்னுலிங்கம் நிற்கவில்லை. நெல்லோடு காத்திருந்த கூட்டத்தின் முன்னால், புளித்த நெல்லில் ஒரு பிடி அள்ளி முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினார். வள்ளிநாயகம் தம்மையறியாமல் மேல்துண்டால் மூக்கைப் பொத்தினார்.

பகவதியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். "எம்பிள்ளைகளுக்கும் மூக்கு இருக்கு, முதலாளி," என்றாள்.

காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போகத் தங்கள் மூட்டையைத் தூக்கினார்கள். வேறு வழியில்லாமல் முதலாளி வீட்டு நெல் பத்தாயம் திறந்தது. நல்ல நெல்லை அளந்து அவள் வண்டியில் ஏற்றி முடித்ததும், பொன்னுலிங்கத்திடம் நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றார் வள்ளிநாயகம்.

"இந்த நாத்தத்துக்கு எவன் வருவான்?" என்று காறித் துப்பிவிட்டுப் பொன்னுலிங்கம் நடையைக் கட்டினார்.