வாய்க்காலுக்குள் என்னைப் பிடித்த கை

என் வலது கை செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. உன் நாளிலேயே இப்படிச் செய்யலாமா என்று முருகனிடம் சண்டை போட்டவள் நான். இன்று அவன் சந்நிதியில், உங்கள் முன்னால், இரண்டு கைகளையும் கூப்பி நிற்கிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் மனசு.

அப்போது மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை. நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் குடியிருந்த லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலைக்குப் போகும்போது வாசலில் ஒரு சோதனை, திரும்பும்போது ஒரு சோதனை. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று மடி, வாளி, கொண்டை எதையும் விடமாட்டார்கள். "அங்காட் தாங்ஙான்!" என்று காவலர் கத்துவார். கையைத் தூக்கு என்று அர்த்தம். மலாயில் தாங்ஙான் என்றால் கை. தினம் தினம் கேட்டு, அந்தச் சத்தம் வந்தாலே எங்கள் கைகள் தானாக மேலே போய்விடும்.

அன்று வெயில் ஏறிய நேரம். நான் வெட்டும் மர நிரை காட்டோரம் இருந்தது. திடீரென்று துப்பாக்கிச் சத்தம். யார் யாரைச் சுட்டார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்றுவரை தெரியாது. கத்தியைப் போட்டுவிட்டுப் பக்கத்து வாய்க்காலில் விழுந்தேன். வலது பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தேன். ஒரு வேர் என் மேல்கையில் அழுந்தியது. வலித்தது, ஆனால் அசையப் பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு "முருகா தாங்கு, முருகா தாங்கு" என்று முனகினேன். வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை. அவள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

வெகுநேரம் அப்படியே கிடந்தேன். கை வலியும் போய்விட்டது, கை இருப்பதே மறந்துவிட்டது. அப்போது என் இடது கை சேற்றில் எதன் மேலோ பட்டது. தடவிப் பார்த்தேன். விரல்கள். ஒரு மனிதக் கை. சில்லிட்டிருந்தது. யாரோ என்னோடு வாய்க்காலில் கிடக்கிறார்கள், உயிர் இல்லை என்று புரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நான் விடவில்லை. தனியாகக் கிடப்பதைவிடப் பிணத்தின் துணை மேல் என்று அதை இறுகப் பற்றிக்கொண்டேன்.

மேலே யாரோ கத்தினார்கள். பாதி காற்றோடு போய், கடைசிச் சொல் மட்டும் என் காதில் விழுந்தது. தினமும் கேட்கிற மலாய்ச் சொல்தான். ஆனால் அந்த நேரம் அது எனக்குத் தமிழாகக் கேட்டது. தாங்கான். தாங்க மாட்டான். நான் கெஞ்சினேன், முருகன் மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அந்த நொடியில், நான் பற்றியிருந்த சில்லிட்ட கை, என் கையை அழுத்தியது. மெதுவாகத்தான் அழுத்தியது. பிறகு எனக்கு நினைவில்லை.

கங்காணியும் என் வீட்டுக்காரரும் என்னைத் தூக்கி வெளியே போட்டார்கள். கண் விழித்ததும் நான் கேட்டேன். "கூட ஒருத்தரு கெடந்தாங்களே, அவங்க எங்க?"

"யாரும் இல்லயே புள்ள. நீ ஒருத்திதானே கெடந்த" என்றார் என் வீட்டுக்காரர்.

கையில் உணர்ச்சி திரும்பியது. ஆனால் மணிக்கட்டு எழவில்லை. அறுத்த கோழியின் கழுத்துபோலத் தொங்கியது. விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன, விரிக்க வரவில்லை. வெட்டுக்கத்தி பிடிக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கினால் நழுவினாள். வாசல் சோதனையில் கையைத் தூக்குவேன், விரல் விரியாது. உள்ளே எதையோ ஒளித்திருக்கிறேன் என்று ஒரு புதுக் காவலர் துப்பாக்கியை நீட்டிவிட்டார். "புக்கா! புக்கா தாங்ஙான்!" திற, கையைத் திற என்கிறார். இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் காட்டினேன். என் கை எனக்கே அந்நியமாக இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய்க்காலில் பிடித்த கையைப் பற்றி எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். லயம் அல்லவா, தும்மினால் கடைசி வீடுவரை கேட்கும். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா என் பிள்ளையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காத லெட்சுமி. செத்தவன் பூந்த கைலா அது. அந்தக் கையால புள்ளயத் தொடாத."

என் காதுபடவே பேசினார்கள். என் கை அவனிடம் இருக்கிறதாம், அவன் கைதான் என் தோளில் தொங்குகிறதாம். சொல்லச் சொல்ல நானும் நம்பத் தொடங்கினேன். தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் அந்தக் கையை வைக்கப் பயந்து, துணியால் சுற்றி முதுகுப் பக்கம் போட்டுக்கொள்வேன். வெள்ளிக்கிழமை பூசாரி வந்து உள்ளங்கையில் சூடு போட்டு அவனை விரட்டுவதாக முடிவானது. என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் பயந்துபோயிருந்தார். முருகா, சூடு போடுவதற்கு முன்னால் ஒரு வழி காட்டு என்று அழுதேன். மறுநாளே தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் என்னைப் பார்த்துவிட்டு, லோரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு சீன டாக்டர். கூட நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு தமிழ் மிஸி. மேசை மேல் ஒரு மரப்பெட்டி, உள்ளே பேட்டரியும் சுருள் கம்பியும். முடுக்கியதும் வண்டு மாதிரி இரைந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, "அங்காட் தாங்ஙான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை வழக்கம்போலத் தொங்கியது.

உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுத் துண்டைத் தோளுக்குக் கீழே வைத்தார். சுருக்கென்றது, கை எழவில்லை. துண்டை முழங்கைப் பக்கம் நகர்த்தினார். என் மணிக்கட்டு எழுந்தது. மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. நான் தூக்கவில்லை, நான் விரிக்கவில்லை. யாரோ உள்ளே இருந்து எழுந்து என்னைப் பார்ப்பதுபோல அந்தக் கை நின்றது. "ஐயோ, அவன்தான்!" என்று அலறிவிட்டேன்.

"அவனும் இல்ல இவனும் இல்ல, கரண்ட்டு அக்கா" என்று மிஸி என் தோளைப் பிடித்தாள். "நரம்பு சாகலன்னு பார்க்கிற டெஸ்ட் இது. செத்திருந்தா இந்தக் கரண்ட்டுக்கு எழும்பாது. நடுவுல ஒரு எடத்துல நசுங்கிக் கெடக்கு, அவ்வளவுதான். தானா சரியாகும்னு டாக்டர் சொல்றாரு."

நசுங்கிய இடத்தில் டாக்டர் மையால் கோடு போட்டார். பார்த்தேன். வேர் அழுந்திய அதே இடம். எப்படிப் படுத்திருந்தாய் என்று கேட்டார். கட்டிலில் அதேபோல ஒருக்களித்துக் கண்ணை மூடினேன். இடது கையைச் சேற்றில் தடவியதுபோல நகர்த்திப் பற்றினேன்.

"இப்ப கண்ணத் தொறந்து பாருங்க. யாரு கையப் புடிச்சிருக்கீங்க?" என்றாள் மிஸி.

என் வலது கையை நானே பிடித்திருந்தேன்.

மரத்துப்போன கை பிணம் மாதிரிதான் சில்லென்று இருக்கும் என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. செத்தவனும் இல்லை, பேயும் இல்லை. சேற்றில் கிடந்து என்னை நானே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகுதான் நினைவு வந்தது.

"அப்ப அமுக்குனது யாரு மிஸி? அந்தக் கை என்னய அமுக்குச்சே."

மிஸி டாக்டரிடம் சொன்னாள். அவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தா போலே" என்றார். முடியாதாம். மரத்த கை அழுத்தாதாம். பிறகு கம்பிகளைச் சுற்றி வைத்தார்.

தோட்டத்துக்குத் திரும்பினேன். வாசலில் அதே காவலர், அதே கத்தல். "அங்காட் தாங்ஙான்!" தொங்கும் கையைத் தூக்கியபடி அங்கேயே நின்றுவிட்டேன். அடியார்களே, அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. தாங்கு என்று கேட்டேன். வந்த பதில் தாங்கான் இல்லை. தாங்ஙான். கை. முருகன் கையைத்தான் சொன்னான், கையைத்தான் தந்தான். நான்தான் பாஷையை மாற்றிக் கேட்டுவிட்டேன்.

சூடு போட நான் விடவில்லை. என் வீட்டுக்காரர் அன்று முதல் தினமும் அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். பயம் விட்டதும் அஞ்சலை அக்கா தானே வந்து பிள்ளையை என் மடியில் வைத்தார். ஒரு நாள் பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கும்போது நடுவிரல் எழுந்தது. அடுத்து மணிக்கட்டு. மாசி மகத்துக்கு இந்த இரண்டு கைகளாலும் பால்குடம் பிடித்து நடந்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்தக் கைதான் பிறகு என் பிள்ளைகள் எல்லாரையும் வளர்த்தது. மழை நாளில் இன்னும் கொஞ்சம் சில்லிடும். அப்போது இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

உங்களுக்கும் ஒரு வாய்க்கால் வரும். அவனைக் கூப்பிடுங்கள். பதில் காதில் சரியாக விழாவிட்டாலும் கையை நீட்டித் தடவிப் பாருங்கள். அகப்படுவது சில்லென்று இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.