அள்ளிப் போட்ட கொழுந்து

எங்கள் மலையில் அப்போது என்னைவிட வேகமாகத் தேயிலைக் கொழுந்தெடுக்க ஆள் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

அப்பா செத்த பிறகு அம்மா வாதத்தில் படுத்துவிட்டாள். தங்கச்சி அப்போதுதான் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தாள். தண்ணீர் தூக்கி, ரொட்டி சுட்டு, அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடுவேன். இருபத்தாறு வயது. என் கல்யாணத்தைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லை.

அந்த வருஷம் தோட்டத்துத் துரை என்னைக் கூப்பிட்டார். இந்த மாதமும் என் கொழுந்து இப்படியே முதலில் நின்றால், பெண்களுக்கு என்னையே கங்காணியாகப் போடுவதாகச் சொன்னார். கொழுந்து நிறுக்கும் கணக்குப்பிள்ளையோடு என்னைச் சேர்த்துப் பேச லயத்து வீடுகளுக்கு நாலு நாள்கூட ஆகவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ராகலைத் தோட்டத்திலிருந்து தங்கச்சியைப் பெண் கேட்டிருந்த நேரம் அது.

அம்மா சொன்னாள்: "அதிகாரம் பண்ற பொம்பள வீட்டுல எவன்டி பொண்ணெடுப்பான்? உன் தங்கச்சிய நெனச்சுப் பாரு."

கங்காணி வேலை கிடைத்துவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கப் போகுமுன் இரண்டு கை, மூன்று கை அள்ளிப் பக்கத்து நிரைக்காரியின் கூடையில் போட்டேன். பிள்ளைக்காரி, பாவம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன் என்பதுதான் நிஜம்.

என் நிறை குறைந்ததும், பெண் சரிப்பட மாட்டாள் என்று துரை ஓர் ஆணையே கங்காணியாக்கினார். அவன் வாயைத் திறந்தால் எங்கள் பிறப்பைத்தான் இழுப்பான். ராகலைக்காரர்களும் வேறிடத்தில் பெண்ணெடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷத்தில் தங்கச்சி என்னையும் மிஞ்சினாள். ஒருநாள் நிறுவைக்குப் போகும்போது முதுகில் கூடை கனத்தது. திரும்பினால், அவள் கை என் கூடைக்குள்.

"எனக்கு இவ்வளவு போதும்க்கா. கூடிப்போனா கண்டதையும் பேசுவாங்க."

கையை ஓங்கிவிட்டேன். யாரை அடிப்பது? கற்றுக்கொடுத்தவளே நான்தானே. அவள் போட்டதையெல்லாம் அள்ளி அவள் கூடையிலேயே திணித்தேன்.

"கொண்டு போயி நிறு. பேசுறவ எங்கிட்ட வந்து பேசட்டும்."

தராசுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கணக்குப்பிள்ளை அவள் நிறையைச் சத்தமாகச் சொன்னார். ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இவர்களுக்கா பயந்தேன்?