பத்துப் பைச் சேறு

ஆற்றுச் சேற்றில் இயற்கையாக இருக்கும் கதிர்வீச்சை அளக்க மலேசியாவில் எங்கள் நியாலாஸ் பக்கம் ஓர் ஆய்வாளர் வந்தார். காரை விட்டே இறங்காத பெரிய மனிதர். பத்து இடங்களில் சேறு அள்ளும் வேலை, பள்ளிக்கூடம் பார்க்காத எனக்கு. வெயிலுக்குச் சோம்பி, பாலத்தடியிலேயே பத்துப் பைகளையும் நிரப்பிக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் முடிவோடு வீட்டுக்கு வந்தார்.

“பத்து இடமும் ஒரே அளவுதான் அண்ணே. பயமே இல்ல லா.”

பத்தும் ஒன்றாக இருந்தும் சந்தேகம் வராத படிப்பு.

“நம்ம வீட்டுப் பின்னால எடுத்ததும் நல்லதா தம்பி? அங்க பிடிக்கிற மீனத்தான் தின்றோம்,” என்றாள் என் மனைவி.

“உங்க வீட்டுக்காரரே அள்ளுன சேறு அக்கா. தைரியமா சாப்பிடுங்க.”

மதியம் நிம்மதியாகக் கெளுத்தி பொரித்து, பெரிய துண்டை எனக்கு வைத்தாள். அந்தப் படித்த மடையனை மனதுக்குள் திட்டிக்கொண்டே, பல் வலி என்று சொல்லி வெறும் சோற்றைத் தின்றேன்.