அம்பைத் திருப்பிப் போட்ட பிஸ்டன்

புதிதாகக் கட்டிய இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது எங்கள் பக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள். சூடம் காட்டி, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கிக்கரை மிதித்துவிட்டு எல்லோரும் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார்கள். டக் டக் என்று தட்டும் சத்தம் வராவிட்டால் மெக்கானிக் கெட்டிக்காரர். வந்தால் அவர் கதை அதோடு முடிந்தது.

குற்றாலம் போகும் ரோட்டில் இருக்கும் என் ஷெட்டில், நான் கட்டிய முதல் ரேஸ் இன்ஜின் சத்தத்தோடுதான் ஸ்டார்ட் ஆனது.

"என்ன அண்ணாச்சி, எங்க உம்மாவோட தையல் மிசின் மாதிரில்லா கேக்கு?" என்றான் வண்டிக்காரன். கடையநல்லூர்ப் பையன், சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் நேர்கோட்டில் கால் மைல் சீறும் டிராக் ரேஸ் ஓடிவிட்டு விமானம் ஏற வேண்டும். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கேட்டது என்னிடம் இல்லை, என் அப்பாவிடம்.

அந்தச் சத்தம் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் கோக்கும் பின், பார்ப்பதற்கு நட்டநடுவில் இருப்பது போலத் தெரியும். ஆனால் அதன் துளையை மயிரிழை அளவு ஒரு பக்கமாகத் தள்ளித்தான் போட்டிருப்பார்கள். பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது சிலிண்டர் சுவரில் அறையாமல் மெல்லச் சாய வேண்டும் என்பதற்காக. அதனால் சத்தம் அடங்கும், கொஞ்சம் உராய்வு கூடும். கால் மைலை ஒரே மூச்சில் ஓடி முடிக்கும் வண்டிக்குச் சத்தத்தைப் பற்றி என்ன கவலை? பிஸ்டனின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். நான் அதைப் பின்னால் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தேன். கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த ரேஸ் பட்டறையில் அப்படிப் போடுவோம். உராய்வு குறைந்து கூடுதலாகக் கிடைக்கும் வேகம் சொற்பம்தான். ஆனால் அந்த ரேஸில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தச் சொற்பத்தில்தான்.

கண்ணை மூடிக்கொண்டு திருப்பவில்லை. வால்வு இறங்குவதற்காகப் பிஸ்டன் தலையில் இருக்கும் பள்ளங்களில், திருப்பியதால் பெரிய வால்வுக்கு நேரே வந்துவிட்ட சின்னதை வெட்டிப் பெரிதாக்கினேன். பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்ணை அதன்மேல் அப்பி, மேல்மூடியான ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் சுற்றினேன். மறுபடி கழற்றி, வால்வு பதிந்த இடத்தை பிளேடால் அறுத்து அளந்தேன். வால்வு இடிக்காத அளவுக்குத் தாராளமாக இடம் இருந்தது. அப்புறம்தான் மூடினேன். இதையெல்லாம் அப்பாவிடமும் சொல்லியிருந்தேன். தலையாட்டிக் கேட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்ஜினியரிங் வரைக்கும் போனேன். அப்பா பைக்கில் வாழையிலைக் கட்டு ஏற்றி, புளியரை மலை தாண்டிக் கேரளத்தில் விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார். இப்போது ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் அவரிடம்தான் பேசுவார்கள். "அண்ணாச்சி, கிளட்ச் இழுக்கு" என்பார்கள். அவர் என் பக்கம் திரும்பி அதையே சொல்வார். நான் சொல்லும் பதிலை அவர்கள் பக்கம் திரும்பிச் சொல்வார். மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்போம்.

அன்று அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. பிள்ளை கை தவறி பிஸ்டனை மாத்திப் போட்டுட்டா. நாளைக்கே பிரிச்சு சரி பண்ணித் தந்திருதோம்."

"கை தவறல. தெரிஞ்சுதான் போட்டேன்."

"ஏட்டி, சும்ம இரி."

நான் சும்மா இருக்கவில்லை. பையனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. இதுல ஏறலாமா, வேண்டாமா?"

"வேண்டாம் தம்பி."

அவன் போனதும் அப்பாவோடு சண்டை போட்டேன். அவர் சட்டைக் கையை ஏற்றி முழங்கைத் தழும்பைக் காட்டினார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மெக்கானிக் அவர் வண்டியில் பிஸ்டனைத் திருப்பிப் போட்டுவிட்டான். மலை இறக்கத்தில் இன்ஜின் இறுகிச் சக்கரம் நின்று விழுந்தார்.

"அது டூ ஸ்ட்ரோக்குப்பா. அதுல சிலிண்டர் சுவர்லயே பொகை போக வர ஜன்னல் இருக்கும், பிஸ்டன் ரிங்கோட முனை போய் மாட்டிக்கிடும். இது ஃபோர் ஸ்ட்ரோக். இதுல ஜன்னலே கெடையாது."

"சரி, ஜன்னல் இல்ல. நாளைக்கு அவன் வேற எதுலயாவது விழுந்தாலும் என்ன சொல்லுவான்? பொம்பளப்பிள்ள மாட்டுன இன்ஜினும்பான். அதுக்குப் பொறவு இந்த ஷெட்டுக்கு ஒரு சைக்கிளாவது வருமாட்டி?"

அவருக்கு என் வேலையில் சந்தேகமா, ஊர் வாய்மேல் பயமா என்பது அன்றும் தெரியவில்லை.

மறுநாள் நானே பிரித்து அம்பைத் திருப்பினேன். அப்பா சொன்னதற்காக இல்லை. சந்தேகத்தோடு ஏறுகிறவன் பாதியில் ஆக்சிலேட்டரை விட்டுவிடுவான். அப்புறம் நான் மிச்சப்படுத்திக் கொடுத்த உராய்வால் அவனுக்கு என்ன பயன்?

ஸ்டார்ட் செய்தோம். அந்தச் சத்தமே இல்லை. "இப்பம்தான் வண்டி!" என்று பையன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்பா எல்லோருக்கும் டீ வரவழைத்தார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நான் கை கழுவும் சாக்கில் சாரலில் போய் நின்றேன். நான் தப்புச் செய்துவிட்டதாக அந்த இன்ஜினே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டாவதாக வந்தான். சந்தோஷமாக வீடியோ அனுப்பினான். பக்கத்து வண்டியின் முன்டயர் மட்டும்தான் முந்தியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். திருப்பிப் போட்டபடியே விட்டிருந்தால் அந்த டயரை எட்டியிருக்குமா? எட்டாமலும் போயிருக்கலாம். இனி எப்படித் தெரியும்? அவன் சவூதி போய்விட்டான்.

அப்பா இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் அந்த இன்ஜினைப் பற்றிச் சொல்கிறார். "தப்புப் பண்ணாதவன் யாரு? எம்மவ ஒரே நாள்ல கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டாள்லா!" சொல்லும்போது அவர் முகம் பூரித்துப் போகிறது. நான் செய்யாத தப்பை வைத்து என்னைப் புகழ்கிறார். ஸ்பேனரை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் சுரண்டையிலிருந்து ஒருவர் ரேஸுக்கு இன்ஜின் கட்ட வந்தார். எல்லாம் பேசி முடித்தபின் நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்: "சத்தம் கித்தம் வராதுல்லா அண்ணாச்சி?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "வரும். ரேஸ் இன்ஜின்னா நான் அப்படித்தான் கட்டுவேன். வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க."

வந்தவர் அப்பா பக்கம் திரும்பினார். "அவகிட்டயே கேளுங்க" என்று அப்பா சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. தோள்துண்டை எடுத்து, அழுக்கே இல்லாத அந்தத் தழும்பு முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுரண்டைக்காரர் வண்டிச் சாவியைக் கையில் வைத்தபடி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.