புலியின் நாடி

எங்கள் மருத்துவக் கல்லூரி வகுப்பில் அவளுக்குப் புலி என்று பெயர். விரலில் குத்தி ரத்தம் எடுக்க ஆள் கேட்டால் முதலில் கையை நீட்டுவாள். ஆய்வகத்தில் முயலின் கண்ணில் சொட்டு மருந்து விடமாட்டாமல் நான் நடுங்கிக்கொண்டு நின்றால், "தள்ளுடி" என்று என்னை இடித்துவிட்டு அவளே விடுவாள். அந்தப் புலி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் இன்ஹேலர் அடித்துக்கொள்வது எனக்கு மட்டும்தான் தெரியும். விடுதியில் நாங்கள் ஒரே அறை.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். "தனக்கே மூச்சு முட்டுற டாக்டர்கிட்ட எவன் வருவான்?" என்பது அம்மாவின் கேள்வி. புலி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னிடம் சொன்னாள்.

ஒரு நாள் வார்டில் ஒரு பெரியவரின் படுக்கையைச் சுற்றி நின்று விவாதித்தோம். அவருக்கும் இழுப்புதான். படபடப்பு என்று தம்பியின் மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறார். அது நாடியைக் குறைத்ததோடு மூச்சுக்குழாயையும் இறுக்கிவிட்டது. இன்ஹேலரும் கைவிட்டுவிட்டது.

"இன்ஹேலர் மருந்து உக்கார வேண்டிய சீட்டுல மாத்திரை முன்னாடியே போய் உக்காந்துடுச்சு. அப்புறம் அது எங்க உக்காரும்?" என்றார் பேராசிரியை.

அடுத்த வாரம் அதே மாத்திரை ஆய்வகத்துக்கு வந்தது. எங்களில் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. எல்லாம் ஒரே மாதிரி கேப்சூல். எது யாருக்கு என்று கொடுப்பவருக்கே தெரியாது. கூட இருப்பவர் நாடியை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும்.

"இழுப்பு, இதயக் கோளாறு இருக்கிறவங்க கை தூக்குங்க. நீங்க சாப்பிட வேண்டாம்" என்றார் பேராசிரியை. ஒருவன் தூக்கினான். "தப்பிச்சான்டா!" என்று கடைசி பெஞ்சு கூச்சல் போட்டது. புலியின் கை மேசையிலேயே இருந்தது.

"வேண்டாம்டி" என்று அவள் காதில் கெஞ்சினேன்.

"பாதிப் பேருக்கு மாவுதானே? எனக்கு மாவுதான் வரும்" என்று சொல்லி விழுங்கிவிட்டாள்.

முதலில் அவள் நாடி எண்பத்தெட்டு. பிறகு எண்பத்தாறு. கொஞ்சம் நிம்மதியானேன். அதற்கடுத்து எழுபத்து நான்கு. என் நாடியையே எண்ணித் தொலைத்தேனோ என்று விரலை மாற்றி வைத்து மறுபடி எண்ணினேன். அதே எழுபத்து நான்கு. என்னுடையதாக இருந்தால் நூற்றைத் தாண்டியிருக்கும். மாவு நாடியை இறக்காது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று எழுந்து போனாள். வெகு நேரம் ஆகியும் வராததால் பின்னாலேயே போனேன். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் இன்ஹேலர். உதடு கறுத்திருந்தது.

"எத்தனை தடவ... அடிச்சாலும்... கேக்கல."

"மேடத்தக் கூப்பிடறேன்."

"சொன்னே... உன்கூட... பேசவே மாட்டேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். மூச்சுக்குத் தவிக்கிறவளின் நாடி தறிகெட்டு ஓட வேண்டும். இவளுடையது ஆடி அசைந்து நடந்துகொண்டிருந்தது. வார்டில் கேட்டதெல்லாம் அப்படியே என் கைக்குள் நடப்பதாகத் தோன்றியது.

சத்தியமாவது மண்ணாவது. ஓடினேன்.

"மேடம், புலிக்கு இழுப்பு இருக்கு! மாத்திரை அவளுக்குத்தான் வந்திருக்கு! இன்ஹேலருக்கும் கேக்கல!" என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

அவசரப் பிரிவில் டாக்டர் வழக்கமான இன்ஹேலர் மருந்தைத்தான் எடுத்தார். பேராசிரியை தடுத்தார். "அதுக்கு உக்கார சீட்டு இல்ல, டாக்டர். வேற வழியா மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தக் குடுங்க."

நான் வாசலில் நின்றேன். செத்துவிடுவாள் என்றே நினைத்தேன். நெஞ்சு விசில் அடிப்பது வாசல் வரை கேட்டது. மூச்சோடு சேர்ந்து அதுவும் திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம். நல்லவேளை, அது மெல்ல மெல்லத்தான் அடங்கியது. அவள் தண்ணீர் கேட்டதும் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் அவள் அம்மா வந்தார். மகளின் முகத்தில் இருந்த மாஸ்கைப் பார்த்தார். பேராசிரியை கேஸ் ஷீட்டோடு நிற்பதைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கும் முன்பே மூச்சு வாங்கியபடியே சொன்னார்: "அவளுக்கு இழுப்பெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. சும்மா சளி."

புலி கையைத் தூக்கி மாஸ்கைக் கீழே இழுத்தாள்.

"இருக்கு மேடம். மூணு வயசுலேர்ந்து இருக்கு. எழுதிக்கோங்க."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, மாஸ்கை எடுத்து மகளின் மூக்கில் தானே சரியாகப் பொருத்தினார்.