கயிற்றுப் பக்கத்திலிருந்து உளிப் பக்கத்துக்கு

1. கை ஒடிந்த வாரம்

என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டபோது, பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம்கூட இல்லை. சங்ககிரிக்கு மேற்கே எங்கள் ஊரில் எங்களுடையது ஒன்றுதான் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் குண்டு, தயிர் கடையும் மத்து, இவைதான் வழக்கமான வேலை.

அது உலகச் சண்டைக் காலம். சீமைச் சாமான் வரத்து நின்றுபோயிருந்தது. திருச்செங்கோட்டில் புத்தகக் கடை வைத்திருந்த அர்த்தனாரி, மையில் தொட்டு எழுதும் பேனாவுக்குக் கட்டை வேண்டும் என்று எங்களிடம் வந்தார். வெப்பாலை மரத்தில் மெல்லிசாக ஒரு கைப்பிடி, நுனியில் நிப்பைச் செருகத் தகரக் கூடு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அதற்குமுன் பேனா கடைந்தவர் அல்ல. இருந்தாலும் மாதிரிக்கு ஒரு கூடை கடைந்து கொடுத்தார். அது விற்றுப்போனதால், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு சாக்கு நிறைய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் அர்த்தனாரி. அடுத்த சந்தை நாளில் கை ஒடிந்தது.

முட்டைப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய வைத்தியர், ஆடி பிறக்கிறவரை உளியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அர்த்தனாரிக்கு ஆள் அனுப்பி, வேற பக்கம் பாத்துக்கச் சொல்லீரலாம்" என்றார் இவர்.

வேறு பக்கம் போனவர் திரும்பி வரமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மழை பொய்த்திருந்த அந்த வருஷம் கட்டில் கால் கேட்டு வருவாரும் இல்லை.

"நான் கடஞ்சு பாக்கட்டுங்களா?" என்றேன்.

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு, "கதவச் சாத்திக்கலாம். பொண்டாட்டியக் கடைய உட்டுட்டு உக்காந்திருக்கறான்னு ஊருக்குள்ள பேசுவாங்க" என்றார்.

2. பச்சை மூங்கில்

இப்போது மோட்டாரில் கடைகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பட்டறைக்கு இரண்டு ஆள் தேவை. இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவே கட்டையை மாட்டி, அதன் ஒரு பக்கத்தில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் கயிற்றின் இரண்டு நுனிகளையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். கட்டை முன்னும் பின்னும் சுழலும். எதிரே தரையில் உட்கார்ந்திருப்பவர், தாங்கு கட்டையைக் கால் விரல்களால் அமுக்கிக்கொண்டு, கட்டை தன்னை நோக்கிச் சுழலும்போது மட்டும் உளியை வைப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கயிறு இழுத்தவள். உளிச் சத்தம் காதில் ஊறிப் போயிருந்தது. கையில்தான் வரவில்லை.

நான் உளிக்குப் போனால் கயிற்றுக்கு யார்? ஒற்றைக் கையால் இரண்டு நுனியை இழுக்க முடியாது. அவர் ஒரு பகல் முழுதும் கூரையின் மோட்டு வளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஒரு பச்சை மூங்கில் கழியைத் தூக்கி வந்து, அதை உத்தரத்தில் கட்டச் சொன்னார். அவர் கீழே நின்று சொல்லச் சொல்ல நான் ஏணிமேல் நின்று கட்டினேன். கயிற்றின் ஒரு நுனியைக் கழியின் தலையில் முடிந்தோம். இன்னொரு நுனியை அவர் இடது கையால் இழுத்தால் கழி வளைந்தது. விட்டால் கழியே நிமிர்ந்து கயிற்றை மேலே இழுத்துக்கொண்டது. இரண்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, கை ஒடிந்த பிறகு முதல் முறையாக அவர் சிரித்தார்.

3. இரை விழுங்கின பாம்பு

முதல் கட்டையில் உளியை வைத்ததும் அது குத்திக்கொண்டது. கட்டை முனையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து போய்ச் சுவரோரம் இருந்த தண்ணீர்க் குடத்தை உடைத்தது.

"அப்படிப் புடிக்கப்படாது" என்றார்.

"எப்படிங்க புடிக்கோணும்?"

"இப்படி" என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அது கையில் இருந்ததே ஒழிய வாயில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சாச்சு... ரொம்பச் சாச்சுட்ட... வயித்தத் தேச்சாப்புல" என்று ஏதேதோ சொன்னார். உளியின் வாய் மரத்தைக் குத்தாமல், அடிப்பக்கம் மரத்தின்மேல் தேய்ந்தபடி நகர வேண்டும் என்பது எனக்குப் புரிய ஒரு விறகுக் கட்டு அளவுக்கு வெப்பாலை பாழானது.

அப்புறம் ஒரு நாள் காலையில் உளி வாயிலிருந்து தூள் கொட்டாமல் வெள்ளை நாடா மாதிரிச் சுருள் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்புக்கு ஒரு சுருளாக நுனிவரை போனேன்.

கட்டையைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் புடைத்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாரப்பாம்பு எலி முழுங்கினாப்புல இருக்குது" என்றார். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நடு புடைத்ததற்குக் காரணம் பிறகு தெரிந்தது. மெல்லிய கட்டை, வேகமாகச் சுழன்றால் நடுவில் அதிர்ந்து உளியை விட்டு விலகிப்போகும். அவர் ஒற்றைக் கையால் படபடவென்று இழுத்துக்கொண்டிருந்தார். இழுப்பதில் அவரும் புதுசுதானே. சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். புருஷனை வேலையில் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் மெதுவா இழுங்க" என்றேன் கடைசியில்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக இழுத்தார். அன்று கடைந்ததெல்லாம் நேராக வந்தது.

நான் எடப்பாடியில் என் மாமன் வீட்டில் இருந்த காலத்தில் மூன்றாவது வரை படித்தவள். கடைந்த பேனாவில் நிப்பைச் செருகி எழுதிப் பார்த்தேன். இவர் கடைந்ததில் வீட்டில் மிச்சமிருந்த மாதிரிப் பேனாவிலும் எழுதிப் பார்த்தேன். இவருடையதில் பத்து வரி எழுதுவதற்குள் விரல் கடுத்தது. எழுதிப் பழகாத அவர், விரல் பிடிக்கும் இடத்தைத்தான் பருமனாக விட்டிருந்தார். நான் அந்த இடத்தில் ஒரு இழைப்பு குறைத்து, கொஞ்சம் குழிவாக விட்டேன். அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டைமேல் வைத்துத் தேய்த்தால் சூட்டில் உருகிப் படியும். தாழை மடலால் அழுத்தித் துடைத்தால் பளபளக்கும். முதல் கூடை சிவப்பு அரக்கில் முடிந்தது. வண்டிக்காரரிடம் கொடுத்துத் திருச்செங்கோட்டுக்கு அனுப்பினோம்.

4. மச்சினன்

சில நாள் கழித்து, யாரும் எதிர்பாராமல் அர்த்தனாரியே வந்தார். நாங்கள் கதவைச் சாத்தி வேலையில் இருந்தோம். வாசலில் குரல் கேட்டதும் இவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து வெளியே நின்றார். நான் உளியை வைத்துவிட்டு உள்ளேயே இருந்தேன். பேச்சு நன்றாகக் கேட்டது.

"வண்டிக்காரரு சொன்னாரு. கை எப்படிங்க இருக்குது?"

"தேவலைங்க."

"கைதான் கட்டுல இருக்குதே, உள்ள கடையற சத்தம் கேட்டுது?"

"என்ற மச்சினன் வந்திருக்கறானுங்க" என்றார் இவர். இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நல்லதாப் போச்சு. அவரக் கூப்புடுங்க. இந்தக் கூடையப் பத்தி அவருகிட்டத்தான் ரெண்டு வார்த்த பேசோணும்."

எனக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. குறை சொல்லத்தான் வந்திருக்கிறார், சாக்கு வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"மச்சினன் இல்லீங்க. என்ற பொண்டாட்டிதான்" என்றார் இவர். பிறகு உள்ளே திரும்பி, "ஏம்புள்ள, இங்க வா" என்று கூப்பிட்டார்.

தலையெல்லாம் மரச் சுருள். முந்தானையால் துடைத்துக்கொண்டு போய் இவருக்குப் பின்னால் நின்றேன். அர்த்தனாரி என் கையைப் பார்த்தார். விரலெல்லாம் அரக்குச் சிவப்பு. அவர் மடியிலிருந்து ஒரு பேனாவை எடுத்து இவரிடம் நீட்டப் போய், கையைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"வாத்தியாருங்க புடிச்சு எழுத நல்லா இருக்குதுங்கறாங்க அம்மிணி. ஒரே ஒரு குறை. மேசை சரிவா இருக்குதா, வெச்சா உருண்டு கீழ உழுந்துருது. நிப்பு மொனை போயிருது. அதுக்கு என்ன பண்ணலாம்?"

கடைசலில் எல்லாமே உருண்டையாகத்தான் வரும். நான் பேனாவைக் கையில் உருட்டிப் பார்த்தேன்.

"மேல் நுனியில ஒரு பக்கம் கத்தியில சீவி உட்டர்றனுங்க. உருளாது. அரக்கு போடறதுக்கு முன்னாடி சீவோணும், அதனால கொஞ்சம் நேரமாகும்."

"ஆகட்டும். சாக்கு முழுசும் அப்படியே வேணும்."

அவர் போன பிறகு, "மூணு மச்சினன் இருந்தாலும் இவ்வளவு நேராக் கடைய மாட்டானுங்க" என்றார் இவர். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் சாக்கு போய்ச் சேர்ந்தது.

ஆடியில் கட்டுப் பிரித்தார்கள். கட்டில் கால் வந்தால் அவர் உளியை எடுப்பார். பேனா வேலை என்றால் தாமாகவே கயிற்றுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். அப்படியே பல வருஷம் ஓடியது. கதை பேசிக்கொண்டே கடைவோம். நல்ல காலம் அது.

புதிதாக உளி பிடிக்க வருகிற பெண்கள், முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். உளியை எப்படிச் சாய்ப்பது என்பதை மரமே நாலு கட்டையைப் பாழாக்கிச் சொல்லிக் கொடுத்துவிடும். உங்களோடு வேலை செய்கிறவரிடம், "கொஞ்சம் மெதுவா" என்று வாய் திறந்து சொல்வதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.